கேரவனிலேயே குடியிருப்பவர்களுக்கான பொழுதுபோக்கு: தேர்வு செய்வது முதல் அடுக்கி வைப்பது வரை

மோட்டார் ஹோமிலோ, காரில் இழுத்துச் செல்லும் கேரவனிலோ வருடம் முழுக்கக் குடியிருப்பவர்களுக்கும், அதற்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்கும் எழுதியது இது. விடுமுறைக்கு மட்டும் கிளம்புகிறவர்களுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். ஒத்துவராத பொருளைத் திரும்பப் போய் வீட்டு அலமாரியில் போட்டுவிடலாம். வண்டியே வீடு என்று ஆனபிறகு அந்த வசதி இல்லை.

புதிதாக வருபவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் தடுக்குகிறார்கள். ஆசைப்பட்ட பொருளை முதலில் வாங்கிவிடுகிறார்கள், அதை எங்கே வைப்பது என்பதைப் பிறகு யோசிக்கிறார்கள். சாப்பிடும் மேசைதான் எழுதும் மேசை, பல வண்டிகளில் இரவு அதுவே கட்டில். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் எடுத்து வைத்து, இன்னொரு கால் மணி நேரம் ஒதுங்க வைக்க வேண்டிய எந்தப் பொழுதுபோக்கும் இரண்டு மாதம் தாண்டுவதில்லை. ஆர்வம் அப்படியே இருக்கும், பெட்டியைத் திறக்கத்தான் கை வராது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். "எனக்கு என்ன பிடிக்கும்" என்ற கேள்வி நான்காவது படியில்தான் வருகிறது.

1. முதலில் வண்டியின் கணக்கு

நான்கு எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்: எடை, இடம், மின்சாரம், தண்ணீர்.

எடையிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் டேங்க், எரிபொருள், கேஸ் சிலிண்டர் எல்லாம் நிரம்பியிருக்க, ஆட்களும் உட்கார்ந்திருக்க, வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் அதிகபட்ச எடையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். அனுமதி 3,500 கிலோ, மேடை காட்டுவது 3,400 என்றால் உங்கள் கையில் இருப்பது 100 கிலோதான். இனி வாங்கப்போகும் துணிமணி, மளிகை, கருவி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பொழுதுபோக்குக்கு அதில் பத்து கிலோ ஒதுக்கினாலே தாராளம்.

இடத்தை அளக்கும்போது காலியாக இருக்கும் இடத்தை மட்டும் அளக்காதீர்கள், அதன் வாயையும் அளங்கள். உட்புறம் 60 செ.மீ. அகலம் இருக்கும் அலமாரிக்குக் கதவு 35 செ.மீ.தான் இருக்கும். பெட்டி உள்ளே போகாது.

மின்சாரத்துக்குச் சின்னப் பெருக்கல் போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 1,200 வாட்-ஹவர். ஈய-அமில வகையில் பாதிக்கு மேல் காலி செய்தால் பேட்டரியின் ஆயுள் குறையும், ஆக 600தான் கணக்கு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும். 100 வாட் தையல் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினால் 100 வாட்-ஹவர், இன்வெர்ட்டரில் வீணாவது கொஞ்சம். பிரச்சினை இல்லை. சூடான காற்றை ஊதும் 1,500 வாட் ஹீட் கன் கதையே வேறு. இருபது நிமிடத்தில் 500 வாட்-ஹவரைக் குடித்துவிடும். அதோடு 12 வோல்ட் பக்கம் 125 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர்கள் அதைத் தாங்காது. சூடாக்கும் கருவி எதுவானாலும் சந்தேகத்தோடு பாருங்கள். சுழலும் கருவியும் விளக்கும் பெரும்பாலும் அடக்கம்தான்.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. குடிக்கவும் குளிக்கவும் சுமப்பதிலிருந்துதான் பொழுதுபோக்குக்கும் எடுக்க வேண்டும். கழுவிய தண்ணீருக்கும் டேங்கில் இடம் வேண்டும்.

2. உங்கள் காலி நேரம் எப்போது வருகிறது?

ஒரு வாரம் கவனித்தால் போதும். வண்டி ஓடும் நாள் வேறு, நின்ற நாள் வேறு, மழை நாள் வேறு. ஓட்டிய நாளின் மாலையில் உடம்பு அசந்திருக்கும், அப்போது இருபது நிமிடத்தில் ஒரு துண்டு முடியக்கூடிய வேலைதான் நடக்கும். நின்ற நாளில் காலை வெளியே போகத் தோன்றும். தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால், இரண்டு பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பீர்கள்.

இதிலிருந்து கிடைக்கும் விடை: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டு போதும். வெளியே செய்வதை மட்டும் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே செய்வதை மட்டும் வைத்திருப்பவர்கள் எங்கே போனாலும் ஒரே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்கு வண்டி எதற்கு?

வண்டி ஓடும்போது செய்யலாம் என்று எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூர்மையான ஊசியால் பின்னுவது, திடீர் பிரேக் போடும்போதும் ஏர்பேக் விரியும்போதும் ஆபத்து. ஒலிப்புத்தகம் கேட்பது, மொழிப் பாடம் கேட்பது மட்டும் விதிவிலக்கு.

3. கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன் இதைச் செய்தால் மனம் குறைவாக நோகும். கழிக்க மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம் ஆவி. டர்பென்டைனில் கரைக்கும் எண்ணெய் வண்ணம், ஸ்பிரே பெயின்ட், எபாக்சி ரெசின், கடுமையான பசைகள் எதுவும் நீங்கள் தூங்கும் அதே அறைக்குள் வேண்டாம். அந்தச் சிறிய கன அளவில் ஆவி சீக்கிரம் சேர்ந்துவிடும், கேஸ் அடுப்பின் தீயும் பக்கத்திலேயே. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். ஸ்பிரேயும் கரைப்பானும் கேஸ் கசிவு அலாரத்தைப் பொய்யாக அலற வைக்கும். தொல்லை தாங்காமல் அலாரத்தைப் பிடுங்கி வைப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாத காரியம் அது.

இரண்டாவது தூசி. மரம் செதுக்குவதை வெளியே பாய் விரித்துச் செய்யலாம், உப்புத்தாள் தேய்ப்பதை உள்ளே செய்யவே முடியாது. மெத்தையும் சமையலும் அதே அறையில்தான்.

மூன்றாவது குவியல். கல், சங்கு, பழைய பாட்டில் சேர்ப்பது எல்லாம் நிற்காத எடை. சேர்க்கத்தான் வேண்டும் என்றால் படம் எடுத்துச் சேருங்கள். பூங்காக்களிலும் காப்பகங்களிலும் பல இடங்களில் எடுக்கவே அனுமதி கிடையாது.

4. உள்ளே செய்ய ஒன்று

இப்போதுதான் பிடித்ததைக் கேட்கும் நேரம். வண்டிக்குள் நன்றாக ஓடுகிற மூன்றைச் சொல்கிறேன். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

*நீர்வண்ணம்.* வண்டி வாழ்க்கைக்கு இவ்வளவு பொருந்தும் கலை எனக்குத் தெரிந்து வேறில்லை. முழுச் சாமானும் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டு வண்ணம் உள்ள சின்ன டப்பா, ஒரு நடுத்தர வட்டத் தூரிகை, ஒரு பென்சில், 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனான தாள். தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அலை அலையாக எழும்பி வண்ணம் குழியில் தேங்கும். புதியவர்கள் அதைத் தங்கள் கைக்குறை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அஞ்சலட்டை அளவு, அதாவது ஏறக்குறைய 10×15 செ.மீ., தொடங்கச் சரி. பெரிய தாளை நனைக்கும் தண்ணீரும் அதிகம், காயும் நேரமும் அதிகம்.

செய்யும் வரிசை இது. மேசையில் வழுக்காத விரிப்பு போடுங்கள். அடி அகன்ற இரண்டு சிறு கிண்ணங்களில் 50 மி.லி. வீதம் தண்ணீர், ஒன்று கழுவ, ஒன்று சுத்தத்துக்கு. யாராவது வண்டிக்குள் ஏறினால் தரை லேசாக ஆடும், உயரமான தம்ளர் கவிழ்ந்துவிடும். தாளின் நான்கு ஓரத்தையும் பேப்பர் டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். காய்ந்ததும் பிரித்தால் தாள் நேராக நிற்கும், வெள்ளைச் சட்டம்போல ஓரமும் கிடைக்கும்.

முடிந்ததும் தூரிகையை நேரே தண்ணீரில் முக்காதீர்கள். முதலில் பழைய துணியில் வண்ணத்தைத் துடைத்து எடுங்கள். கழுவும் தண்ணீர் பாதி ஆகும், டேங்குக்குப் போகும் வண்ணமும் குறையும். காட்மியம், கோபால்ட் சேர்ந்த வண்ணங்கள் நச்சுத்தன்மை உள்ளவை. அந்தத் தண்ணீரைப் புல்லிலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. அக்ரிலிக் வண்ணம் இன்னும் தொல்லை: அது பிளாஸ்டிக், குழாயில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஈரம் முழுவதும் போகாமல் ஸ்கெட்ச் நோட்டை மூடி வைத்தால் பூஞ்சை வரும். மழைநாளில் படத்தை அட்டையோடு ஒரு இரவு திறந்தே வையுங்கள்.

*குரோஷே.* ஒரு கொக்கி, ஒரு உருண்டை நூல். எந்தத் தையலிலும் நிறுத்தலாம். கடைசிக் கண்ணியில் ஒரு மார்க்கரையோ ஊக்கையோ மாட்டிவிட்டுப் பையில் போட்டால் பிரியாது. இரண்டு ஊசிப் பின்னலில் கண்ணிகள் வரிசையாக ஊசியில் தொங்குவதால் வண்டி குலுங்கும்போது நழுவ வாய்ப்பு உண்டு. பின்னல்தான் பிடிக்கும் என்றால் நேர் ஊசிக்குப் பதில் வட்ட ஊசி வாங்குங்கள். முழங்கை பக்கத்தில் இருப்பவரை இடிக்காது, பின்னிய பாகமும் மடியிலேயே கிடக்கும். இதில் சிக்கல் நூல் சேர்ப்பதுதான். கையில் இருக்கும் வேலைக்கான நூல் மட்டும் வண்டியில் இருக்கட்டும், அது முடிந்தபின் அடுத்தது.

*இசை.* மரத்தாலான கிட்டாருக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது. மூடிய வண்டி வெயிலில் நின்றால் அடுப்பாகிவிடும், கடலோரத்தில் ஊறும். வறண்டால் பலகை வெடிக்கும், சூட்டில் ஒட்டு இளகும். யுகுலேலி என்ற நான்கு தந்திச் சின்னக் கிட்டாரோ ஒட்டுப்பலகைக் கருவியோ கொஞ்சம் தாங்கும், கார்பன் ஃபைபர் இன்னும் தாங்கும். வண்டியின் சுவர் மெல்லியது என்பதையும் மறக்க வேண்டாம். முகாம்களில் இரவு பத்து மணிக்கு மேல் அமைதி நேரம் என்பது பரவலான வழக்கம். ஹெட்போன் போட்டு வாசிக்கும் கீபோர்டு இருந்தால் அந்தத் தலைவலி இல்லை.

5. வெளியே செய்ய ஒன்று: ஒரு பைனாகுலர், இரண்டு வேலை

மீன்பிடி, சைக்கிள், படகு என்று பலவும் உண்டு. ஆனால் நீளமான தூண்டிலும் சைக்கிள் ஸ்டாண்டும் கேட்கும் இடத்தை நினைத்தால், நான் முதலில் சொல்வது பைனாகுலரைத்தான். காலையில் பறவை, இரவில் வானம்.

8×42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மி.மீ., அதுதான் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அகலம். விடியல் மங்கலிலும் இரவிலும் அது போதுமானது. 20 மடங்கு, 30 மடங்கு என்று விளம்பரம் பார்த்து ஏமாறாதீர்கள். பத்துக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும், ஸ்டாண்டு இல்லாமல் ஒன்றும் தெரியாது.

5.1 காலை: பறவை

சூரியன் எழுந்து முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் பறவைகள் மும்முரமாக இருக்கும். நாற்காலியை வண்டியின் நிழலில் போட்டு அசையாமல் உட்காருங்கள். நடந்து தேடுவதைவிட முதல் வாரங்களில் இது பலன் தரும். ஒரே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் பறவைகள் உங்களைச் சட்டைசெய்யாது.

முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடியுங்கள். பார்வையை விலக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து பைனாகுலரைத் தேடி எடுத்து நிமிர்வதற்குள் பறவை போய்விடும். எல்லாரும் செய்யும் பிழை இது.

அடையாளம் காண மெர்லின் செயலி உதவும். அடுத்து போகும் பகுதிக்கான பறவைத் தொகுப்பை, நல்ல இணையம் கிடைக்கும்போதே இறக்கிவிடுங்கள். சிக்னல் இல்லாத காட்டில் நின்று அதைத் தேடிப் பயனில்லை. பார்த்ததை இபேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் பதியலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் முயற்சியாக 2002-இல் தொடங்கியது அது. தேதி, இடம், செலவிட்ட நேரம் சேர்த்துப் பதிந்தால் உங்கள் பட்டியல் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பட்டியல் தானாக நீளும், எடை ஒரு கிராம் கூடாது.

5.2 இரவு: வானம்

நிலவு ஒரு சுற்று முடிக்க 29 நாட்களும் அரையும். அமாவாசையை ஒட்டிய வாரத்தில் ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் தங்கும்படி பயணத்தை வையுங்கள். பௌர்ணமி வாரத்தை நகர வேலைகளுக்கு விடுங்கள்.

இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை கைபேசித் திரை கண்ணில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து. எனவே வெளியே போகும்முன் வண்டியின் வெளிவிளக்கு, படி விளக்கு இரண்டையும் அணையுங்கள். கதவைத் திறந்தால் தானே எரியும் படி விளக்குக்கு எங்கே சுவிட்ச் என்று பகலிலேயே கண்டுபிடித்து வையுங்கள். கைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் போதும்.

சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றிக்கொள்ளுங்கள். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். வண்டியின் மேல் சாயவும் வேண்டாம், உள்ளே ஒருவர் நடந்தால் வானமே ஆடும். முதலில் நிலவின் பள்ளங்கள், அடுத்து கார்த்திகைக் கூட்டம், பிறகு வியாழன். 1610-இல் கலிலியோ கண்ட அந்த நான்கு நிலவுகளும் பைனாகுலரை அசையாமல் பிடித்தால் கோளின் இரு பக்கமும் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். நல்ல இருட்டில் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் ஒரு மங்கல் திட்டாகத் தெரியும், தூரம் ஏறக்குறைய 25 லட்சம் ஒளியாண்டு. தொலைநோக்கி வாங்கும் ஆசை இங்கேதான் வரும். ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். பைனாகுலரைச் சூரியன் பக்கம் ஒரு நொடியும் திருப்ப வேண்டாம், பார்வையே போய்விடும்.

6. ஒரு பொழுதுபோக்கு, ஒரு பெட்டி

சாமான் வாங்கும் முன் பெட்டியை வாங்குங்கள். வரிசை மாறினால் சாமானுக்கேற்பப் பெட்டி வளர்ந்துகொண்டே போகும். முதல் படியில் அளந்த அலமாரி வாய்க்குள் நுழையும், மூடி இறுகும், ஒரு கையால் தூக்க முடிகிற பெட்டி. அது நிரம்பிவிட்டால் ஒன்றை வெளியேற்றித்தான் இன்னொன்று.

பெட்டிக்குள் எல்லாம் அடுத்தடுத்துத் தேவைப்படும் வரிசையில் இருக்கட்டும். முதலில் வேண்டிய விரிப்பு மேலே. எடுத்து, விரித்து, வேலை தொடங்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் பெட்டியை மறுபடி அடுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் மடக்க முடியாவிட்டாலும் அதே. சாப்பாட்டு நேரம் வந்து, மேசை கேட்டு மற்றவர் நிற்கும்போது இந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

7. பெட்டிக்கு இடம்

கனமானது கீழே, சக்கர அச்சுக்குப் பக்கத்தில். தலைக்கு மேலே உள்ள அலமாரியில் நூல், தாள் போல லேசானது மட்டும். இழுவைக் கேரவனின் வால்பக்கம் கனம் ஏறினால் ஓட்டத்தில் வண்டி இடவலமாக அலையத் தொடங்கும். தையல் மெஷினைப் பின் அலமாரியில் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளிப்புற அறைகள் சூடும் ஈரமும் மாறி மாறித் தாக்கும் இடம். பைனாகுலர், கேமரா, தாள், இசைக்கருவி அங்கே வேண்டாம். கண்ணாடியுள்ள கருவிகளோடு சிலிக்கா ஜெல் பையைப் போட்டு மூடுங்கள். ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை படரும், பிறகு சுத்தம் செய்வது பெரும்பாடு. டிரோன் போன்றவற்றின் லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள்.

8. கிளம்புவதற்கு முன் ஒத்திகை

வீடு இன்னும் கையில் இருக்கிறதா? நல்லது. வண்டியை வாசலில் நிறுத்தி, ஒரு வாரம் பொழுதுபோக்கை வண்டிக்குள் மட்டும் செய்து பாருங்கள். வீட்டு மேசைக்குப் போகக் கூடாது, வீட்டு மின்சாரமும் கூடாது. வெளிச்சம் போதவில்லை, முதுகு வலிக்கிறது, துணையின் டிவி சத்தம் இடிக்கிறது என்பதெல்லாம் இந்த வாரத்தில் தெரியும். மேசை விளக்கை ஐந்து வாட் எல்.இ.டி.யாக மாற்றுவது, இருக்கைக்கு ஒரு திண்டு போடுவது, ஹெட்போன் வாங்குவது எல்லாம் இப்போது சுலபம்.

பெட்டியோடு ஒரு முறை கரடுமுரடான சாலையில் ஓட்டியும் பாருங்கள். திரும்பி வந்து திறந்தால் எது உடையும், எது சிந்தும் என்று தெரிந்துவிடும்.

9. செய்து முடித்தவை எங்கே போகும்?

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஐம்பது ஓவியமும் எட்டு போர்வையும் சேர்ந்தபின்தான் நினைப்பு வரும். ஓவியத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டு, அஞ்சலட்டையாகவே அனுப்பிவிடுங்கள். அந்த அளவைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னியதை யாருக்கு என்று முடிவு செய்தபிறகே தொடங்குங்கள். முடிந்த வேலைக்கென்று ஒரு தட்டையான உறை, அது நிரம்பியதும் அடுத்த அஞ்சலகம்.

10. எல்லை தாண்டும்போது

பொழுதுபோக்காக ரேடியோ அலையில் மற்றவர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோவுக்கு உரிமம் வேண்டும், ஒரு நாட்டின் உரிமம் இன்னொன்றில் தானாகச் செல்லாது. மீன்பிடி, டிரோன், மெட்டல் டிடெக்டர் மூன்றுக்கும் இடத்துக்கு இடம் விதி மாறும். அமெரிக்க தேசியப் பூங்காக்கள் 2014-இலேயே டிரோனுக்குத் தடை போட்டுவிட்டன. செடி வளர்ப்பவர்கள் மண்ணோடு தொட்டியை எல்லைச் சோதனையில் இழக்க நேரலாம். நிறைய ஊர் கடப்பவர்களுக்கு, ஜாடியில் பயறு முளைகட்டுவது அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கும். மண் வேண்டாம், நான்கைந்து நாளில் தயார், எல்லை வருவதற்குள் சாப்பிட்டும் முடித்துவிடலாம்.